மானிப்பாயின் மருத்துவத் தமிழும் மூளைச்சவ்வு நோயும்

ஒரு நோயின் வரலாறு இரு கிளைப்பட்டது. நோய் மக்களைத் தாக்கிய வரலாறு ஒன்று. மக்கள் அந்நோயை அறிந்துகொண்ட வரலாறு மற்றொன்று. முன்னது கண்ணீரால் எழுதப்பட்டது. பின்னது பல நாட்டவர் பல மொழிகளிற் சிறுகச் சிறுகச் சேர்த்த அறிவினால் ஆயது. மூளைச்சவ்வு அழற்சி என்னும் கொடிய நோயைப் பொறுத்தவரை இரண்டாவது வரலாறு தனிச் சிறப்புடையது. இந்நோயில் உயிர் தப்புவதும் தப்பாததும் பெரும்பாலும் சில மணி நேரத்தில் முடிவாகிவிடுகின்றன. அம் மணி நேரங்களில் நோயாளியின் அருகே இருப்பவர் மருத்துவர் அல்லர். தாயோ, பாட்டியோ, அயலவரோதான். ஆகவே மருத்துவ அறிவு அவர்களுடைய மொழியில் அவர்களைச் சென்றடைந்திருக்கிறதா என்பதே முதற் கேள்வியாகின்றது. அக்கேள்விக்கு விடை தேட முற்பட்ட ஊர்களுள் மானிப்பாயும் ஒன்று.

யாழ்ப்பாண நகருக்கு வடமேற்கே சில கிலோமீற்றர் தொலைவில், மருதடிப் பிள்ளையார் கோயிலாற் பெயர்பெற்ற இவ்வூர், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழ் அச்சுக்கும் தமிழ் மருத்துவக் கல்விக்கும் நிலைக்களமாய் விளங்கியது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்தோர் 1816 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து தொண்டாற்றத் தொடங்கினர். அவர்களுள் மருத்துவரான ஜோன் ஸ்கடர் 1820 முதல் பண்டத்தரிப்பில் நோயாளரைப் பார்த்து வந்தார். மானிப்பாயில் அம்மிஷனின் அச்சகம் அமைந்தது. 1841 இல் ‘உதயதாரகை’ப் பத்திரிகையும், 1842 இல் ஐம்பத்தெண்ணாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டு ‘மானிப்பாய் அகராதி’ என வழங்கும் தமிழகராதியும் அங்கே அச்சேறின. சொற்களைத் தொகுக்கும் வேலை நடந்த ஊரிலேயே, நோய்களுக்கும் உடலுறுப்புகளுக்கும் சொற்களைத் தேடும் வேலையும் பின்னர் நடைபெற்றது.

அவ்வேலையைச் செய்தவர் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலே வூஸ்ரர் என்னும் ஊரில் 1822 ஆம் ஆண்டு பிறந்த இவர், நியூயோர்க்கில் மருத்துவம் பயின்று, 1847 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டிலே மானிப்பாயில் நோயாளரைப் பார்ப்பதோடு, உள்ளூர் இளைஞர் சிலரைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்கவும் தொடங்கினார். கொழும்பு மருத்துவப் பள்ளி தோன்றியது 1870 ஆம் ஆண்டில். மானிப்பாய் வகுப்பு அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகள் முற்பட்டது.

தொடக்கத்தில் இவ்வகுப்பு ஆங்கிலத்திலேயே நடந்தது. ஆயினும், ஆங்கிலம் பயின்ற மருத்துவர் தம் ஊரை விட்டு அரசாங்க உத்தியோகத்துக்குச் செல்வர் என்பதையும், கிராமத்தில் நோயுற்றோருக்கு அவ்வறிவு எட்டாமற் போகும் என்பதையும் கிறீன் உணர்ந்தார். தாமே தமிழைக் கற்றார். 1857 இல் தாயகம் சென்று 1862 இல் மீண்டு வந்த பின்னர், 1864 முதல் மருத்துவக் கல்வியைத் தமிழிலேயே நடத்தினார். அவரிடம் பயின்று வெளியேறிய மருத்துவர் அறுபதுக்கு மேற்பட்டோர்.

தமிழிற் கற்பிப்பதற்குத் தமிழில் நூல்கள் வேண்டுமல்லவா? உடற்கூறும் உடற்றொழிலும் பற்றிய முதனூலும் ‘பிரசவ வைத்திய’மும் 1850களில் வெளிவந்தன. சத்திர வைத்தியத்தைக் கூறும் ‘இரண வைத்தியம்’ 1867 இலும், கிரே என்பார் இயற்றிய புகழ்பெற்ற உடற்கூற்று நூலைத் தழுவிய ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872 இலும், இரசாயனம் பற்றிய ‘கெமிஸ்தம்’ 1875 இலும் தோன்றின. உடற்றொழிலைக் கூறும் ‘மனுஷ சுகரணம்’ 1883 இல் வெளியாயிற்று. 1873 இல் இலங்கையை விட்டுச் சென்ற பின்னும் அவர் இப்பணியை நிறுத்தவில்லை. வூஸ்ரரில் இருந்தவாறே தமிழ் நூல்களைச் செப்பனிட்டு வந்தார். அவரிடம் பயின்ற தமிழ் மாணாக்கரே மொழிபெயர்ப்பில் அவருக்குக் கைகொடுத்தவர்கள்.

அக்காலத்துக் கலைச்சொற்கள் பல இன்று வழக்கொழிந்தன. உடற்கூற்றியலை அங்காதிபாதம் என்றும், உடற்றொழிலியலைச் சுகரணம் என்றும் இப்போது எவரும் கூறுவதில்லை. எனினும் அச்சொற்களின் பின்னே இருந்த உழைப்பு எளிதன்று. மூளையைப் பற்றிய பகுதி ஒன்றையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மண்டையோட்டின் உள்ளே மூளையையும், அதன் தொடர்ச்சியாய் முதுகெலும்பினுள் இறங்கும் முண்ணாணையும் மூன்று சவ்வுகள் போர்த்தியுள்ளன. புறத்தே இருப்பது தடித்து வலியது. நடுவே இருப்பது சிலந்தி வலை போல மெல்லியது. உள்ளே இருப்பது மூளையின் மடிப்புதோறும் ஒட்டிக் கிடப்பது. நடுச்சவ்வுக்கும் உட்சவ்வுக்கும் இடையே தெளிந்த நீர் ஒன்று ஓடுகின்றது. இச்சவ்வுகளைக் கிரேக்க மருத்துவர் ஒரு பெயரால் அழைத்தனர். அரபு மருத்துவர் அவற்றை மூளையின் ‘தாய்’ என உருவகித்தனர். இடைக்காலத்தில் அரபு நூல்கள் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டபோது அத் தாய் என்னும் சொல் அப்படியே சென்றது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இன்று வன்தாயி, சிலந்திவலையுருத்தாயி, மென்தாயி என வழங்குவதும் அதன் தொடர்ச்சியே. அறிவு மொழிக்கு மொழி தாவியே வளர்ந்துள்ளது. மானிப்பாயில் நடந்ததும் அந்நெடும் பயணத்தின் ஒரு கட்டமே.

இனி, சொல் கிடைத்துவிட்டால் நோய் தீர்ந்துவிடுமா என்றால், இல்லை என்பதே விடை. கிறீன் மானிப்பாயில் வாழ்ந்த காலத்தில் மூளைச்சவ்வு அழற்சிக்கு உலகின் எந்த மூலையிலும் மருந்து கிடையாது. நோய் அறியப்பட்டிருந்தது. ஸ்கொத்லாந்து மருத்துவர் ரொபேட் விற் குழந்தைகளைக் கொல்லும் மூளை நீர்க்கோவை பற்றி எழுதிய நூல் 1768 இல், அவர் இறந்த பின்னர், வெளிவந்தது. அவர் கண்டது காசநோய்க் கிருமியால் வரும் மூளைச்சவ்வு அழற்சி என்பது பிற்காலத்தார் துணிபு. கொள்ளைநோயாகப் பரவும் வகையை 1805 இல் ஜெனீவா நகரில் வியூசோ என்னும் மருத்துவர் விவரித்தார். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் டானியல்சன், மான் என்னும் இருவர் அதனை விவரித்தனர். அவர்கள் அதனைக் கண்ட மெட்பீல்ட் என்னும் ஊர் கிறீன் பிறந்த அதே மசச்சூசெற்ஸ் மாநிலத்தைச் சேர்ந்தது. ஆகவே இந்நோயின் பெயரும் குறிகளும் அவர் மருத்துவம் கற்ற காலத்து ஆசிரியர்களுக்குப் புதியனவாய் இருந்திரா. இரத்தம் வாங்குதல், அட்டை விடுதல், கொப்புளம் எழுப்புதல், தலைக்குக் குளிர்ச்சி செய்தல் ஆகியனவே அக்கால மேனாட்டுச் சிகிச்சைகள். அவற்றுள் எதுவும் நோயின் வேரைத் தொடவில்லை. யாழ்ப்பாணத்துப் பரியாரிமாரும் கடுங்காய்ச்சலோடு கூடிய பிதற்றலையும் வலிப்பையும் சன்னி என வகுத்து மருந்து கொடுத்தனர். அப்பெயருக்குள் பல வேறு நோய்கள் அடங்கின. மேனாட்டு முறையாயினும் நாட்டு முறையாயினும், கண்ணுக்குப் புலனாகாத பகைவனோடு இருட்டிற் போரிட்டன என்றே கூறல் வேண்டும்.

வெளிச்சம் வந்தது கிறீனின் வாழ்நாள் முடியுந் தறுவாயில். 1882 இல் ஜேர்மனியில் றொபேட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து அறிவித்தார். அக்காலத்திலேயே ரஷ்யாவில் கேர்ணிக் என்னும் மருத்துவர், மூளைச்சவ்வு அழற்சி உற்றவரின் தொடையை மடித்து வைத்து முழங்காலை நிமிர்த்த முயன்றால் அது நோவுடன் தடைப்படுவதைக் கவனித்து வெளியிட்டார். 1884 மே மாதத்தில் கிறீன் காலமானார். மூன்றாண்டு கழித்து, 1887 இல், வியன்னாவில் வைக்செல்பாம் என்பார் கொள்ளைநோய் வகைக்குக் காரணமான கிருமியைப் பிரித்தெடுத்தார். இரண்டிரண்டாய் ஒட்டிய அவரை விதை போல அது உருப்பெருக்கியில் தோன்றும்.

ஆயினும் உயிரோடு இருக்கும் நோயாளியின் உடலில் அக்கிருமியைக் காண்பது எவ்வாறு? மண்டையோட்டைத் திறந்து பார்க்க இயலாது. அதற்கு வழி கண்டவர் ஜேர்மானியரான குயின்கே. மூளையைச் சூழ்ந்த நீரே முண்ணாணையும் சூழ்ந்து கீழே நாரி வரை இறங்குகின்றது. முண்ணாண் நாரியின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுகின்றது. நீர்ப்பையோ அதற்குக் கீழும் நீள்கின்றது. ஆகவே முண்ணாண் முடிந்த இடத்துக்குக் கீழே, இரு முள்ளென்புகளுக்கு நடுவே நுண்ணிய ஊசியைச் செலுத்தினால், முண்ணாணைத் தீண்டாமலே சில துளி நீரை எடுக்கலாம். 1891 இல் குயின்கே இதனைச் செய்து காட்டினார். இன்றளவும் இந்நோயை உறுதி செய்யும் தலையாய சோதனை இதுவேயாகும்.

அந் நீர் இயல்பாகத் தெளிந்த தண்ணீர் போன்றது. பற்றீரியாக் கிருமிகள் புகுந்தால் அது கலங்கிச் சீழ் போலாகும், வெண்கலங்கள் மிகும், புரதம் கூடும், குளுக்கோசு குறையும். வைரசினால் வந்த அழற்சியில் நீர் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும், குளுக்கோசு குறைவதில்லை. காசநோய்க் கிருமியாயின் நிணநீர்க்கலங்கள் மிகுந்து குளுக்கோசு குன்றும். இவ்வாறு சில துளி நீர், நோய் யாது, மருந்து யாது என்பதைச் சொல்லிவிடுகின்றது. முள்ளந்தண்டில் ஊசி ஏற்றினால் இடுப்பு விளங்காமற் போய்விடும் என்ற அச்சம் மக்களிடையே நிலவுகின்றது. அவ்வச்சத்தாற் பெற்றோர் சோதனைக்கு இணங்க மறுப்பதும் உண்டு. முண்ணாண் முடிந்த இடத்துக்குக் கீழேயே ஊசி செல்கின்றது என்னும் ஓர் உண்மையை அவர்கள் மொழியில் எடுத்துச் சொன்னால், அவ்வச்சம் பெரிதும் நீங்கும். மூளைக்குள் அழுத்தம் மிகுந்திருப்பதற்கான குறிகள் தென்படும்போது மட்டும், தலையைப் படம்பிடித்துப் பார்க்கும் வரை மருத்துவர் இதனை ஒத்திவைப்பர்.

நோயை அறிந்த பின்னரே சிகிச்சை பிறந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மனியில் யொக்மானும் நியூயோர்க்கில் பிளெக்ஸ்னரும் குதிரையின் இரத்தத்திலிருந்து மாற்றுநீர் தயாரித்து நோயாளியின் முதுகுநீரிற் செலுத்தினர். நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் மாண்ட கொள்ளைநோய் வகையில் மாண்டோர் ஏறக்குறைய மூன்றிலொரு பங்காகக் குறைந்தனர். 1930களில் சல்பா மருந்துகளும், 1940களில் பெனிசிலினும் வந்தன. காசநோய் வகையோ அதுவரை தப்பாமற் கொன்று வந்தது. 1940களின் பிற்பகுதியில் ஸ்ரெப்ரோமைசின் கிடைத்த பின்னரே அதிலிருந்து பிழைத்தோரை உலகு கண்டது. மானிப்பாயில் முதல் வகுப்புத் தொடங்கி ஏறத்தாழ நூறாண்டுகள் அதற்குட் கழிந்துவிட்டன.

இன்றைய நிலை யாது? இந்நோயை உண்டாக்குவன பல. பற்றீரியாக்களுள் மெனிங்கோகொக்கசு, நியூமோகொக்கசு, ஹீமோபிலஸ் ‘பி’ வகை என்பன முதன்மையானவை. பிறந்த சிசுக்களைத் தாக்குவன வேறு சில. காசநோய்க் கிருமி மெல்ல மெல்ல, வாரக்கணக்கில் நோயை முற்றுவிக்கும். வைரசுகளால் வருவது பெரும்பாலும் தானே தணிவது. ஆயினும் அதுதானா என்பதை மருத்துவரே தீர்மானித்தல் வேண்டும். உடலின் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களைப் பங்கசும் தாக்குவதுண்டு. மூக்கிலும் தொண்டையிலும் தீங்கின்றித் தங்கியிருக்கும் கிருமிகள் சிலவேளை இரத்தத்துட் புகுந்து மூளைச்சவ்வை அடைகின்றன. காதிற் சீழ் வடிதலையும் மண்டையோட்டுக் காயத்தையும் அலட்சியம் செய்தாலும் இவ்வாபத்து நேரலாம்.

குறிகள் காய்ச்சல், கடுந் தலையிடி, வாந்தி, வெளிச்சத்தைக் காணக் கூசுதல், பிடரி விறைத்தல் என்பன. நோயாளி நாடியை மார்பிற் பதிக்க இயலாமல் வருந்துவார். பின்னர் மயக்கமும் பிதற்றலும் வலிப்பும் தோன்றும். மெனிங்கோகொக்கசு இரத்தத்திற் பரவினால் தோலிற் செந்நிறமாகவோ கருஞ்சிவப்பாகவோ புள்ளிகள் எழும். கண்ணாடிக் குவளையொன்றால் அழுத்திப் பார்க்கும்போதும் அப்புள்ளிகள் மறையாவாயின், ஒரு நிமிடமும் தாமதித்தல் ஆகாது. கருநிற மேனியில் இவை எளிதிற் புலப்படா. உள்ளங்கை, உள்ளங்கால், கண்ணிமையின் உட்புறம் ஆகிய இடங்களை உற்றுப் பார்த்தல் வேண்டும்.

கைக்குழந்தையிடம் இக்குறிகளைத் தேடுவது வீண். அதற்குத் தலையிடி எனச் சொல்லத் தெரியாது, பிடரியும் விறைக்காதிருக்கலாம். பால் குடிக்க மறுத்தல், கீச்சிட்டு அழுதல், தூக்கினால் அழுகை மிகுதல், துவண்டு கிடத்தல், உச்சிக்குழி புடைத்தல் ஆகியனவே அதன் மொழி. காய்ச்சலுக்குப் பதிலாக உடல் சில்லிட்டிருப்பதும் உண்டு. இவற்றை முதலிற் காண்பவள் தாயே. முதியோரிடத்தும் குறிகள் மறைந்து வரும். திடீரெனத் தோன்றும் மனக்குழப்பமே ஒரேயொரு அடையாளமாக இருக்கலாம்.

வைத்தியசாலையை அடைந்ததும் இரத்தமும் முதுகுநீரும் சோதிக்கப்படும். பற்றீரியா என்ற ஐயம் வலுத்தால், சோதனை முடிவு வரும்வரை காத்திராமல் செப்ரியாக்சோன் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி நாளத்தின் வழியே உடனே ஏற்றப்படும். வீக்கத்தைத் தணிக்க டெக்சாமெதசோனும் பலருக்கு உடன் கொடுக்கப்படும். காசநோய் வகைக்குப் பல மருந்துகளை ஓராண்டளவு இடைவிடாது உட்கொள்ளல் வேண்டும். சுகம் கண்டுவிட்டது என எண்ணி இடையில் நிறுத்துவது ஆபத்தை மீண்டும் அழைப்பதாகும். மெனிங்கோகொக்கசு நோயாளியோடு ஒரே வீட்டில் வாழ்ந்தோருக்குத் தடுப்பு மருந்து கொடுக்கப்படும். இத்தனை வசதி இருந்தும், பற்றீரியாவால் இந்நோய் உற்றோரில் ஆறிலொருவர் இறக்கின்றனர் எனவும், பிழைத்தோரில் ஐவருக்கு ஒருவர் செவிடு, வலிப்பு, அறிவுக்குறை போன்ற கடும் ஊனங்களோடு வாழ்கின்றனர் எனவும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. எனவே நோயினின்று மீண்ட குழந்தையின் கேட்கும் திறனைச் சோதிப்பித்தல் இன்றியமையாதது.

வருமுன் காக்கும் வழியும் இன்று உண்டு. பிறந்த குழந்தைக்குப் போடப்படும் பீ.சீ.ஜீ. ஊசி, காசநோய் மூளைச்சவ்வைத் தாக்கும் கொடுமையிலிருந்து சிறு பிள்ளைகளைப் பெரிதும் காக்கின்றது. ஹீமோபிலஸ் ‘பி’ வகைக்கெதிரான தடுப்பூசி 2008 ஆம் ஆண்டு இலங்கையின் தேசியத் தடுப்பூசித் திட்டத்திற் சேர்க்கப்பட்டது. கொள்ளைநோய் வகை அடிக்கடி வாட்டிய ஆபிரிக்க நாடுகளில், 2010 முதல் வழங்கப்பட்ட தடுப்பூசி அங்கு முதன்மையாயிருந்த ‘ஏ’ வகையை அறவே அடக்கிற்று. 2030 ஆம் ஆண்டளவில் இந்நோயின் கொள்ளைப் பரவலை ஒழிப்பதற்கான திட்டமொன்றை 2020 இல் உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்டது.

இவ்வளவும் கண்ட பின், மானிப்பாயின் பங்கு யாது என்று மீண்டும் வினவலாம். மூளைச்சவ்வு அழற்சிக்கான கிருமி அங்கே கண்டுபிடிக்கப்படவில்லை. மருந்தும் அங்கே பிறக்கவில்லை. கிறீன் தொடங்கிய தமிழ்வழி மருத்துவக் கல்வியும் அவர் சென்ற பின் நெடுங்காலம் நிலைக்கவில்லை. அவருடைய பெயர் தாங்கிய வைத்தியசாலை மானிப்பாயில் அவரை நினைவூட்டுகின்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1978 இல் தோன்றியது. அங்குக் கல்வி ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றது. உலகோடு ஒட்டி ஒழுகவேண்டிய ஒரு துறையிலே அதனைக் குறை கூறுதல் பொருந்தாது. ஆயினும் மருத்துவர் எம்மொழியிற் கற்றாலும், நோயாளியின் தாய் தன் மொழியிலேயே கேட்கின்றாள். அவளுக்கு விளங்காத அறிவு வைத்தியசாலையின் வாயிலுக்கு உள்ளேயே நின்றுவிடுகின்றது.

தம் கல்லறையில், தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் எனப் பொறிக்கவேண்டும் என்று கிறீன் விரும்பினார். வூஸ்ரரில் அவ்வாறே பொறிக்கப்பட்டுள்ளது. அவர் மொழிபெயர்த்த மருந்துகள் பலவும் இன்று பழையனவாயின. சொற்கள் பலவும் மறைந்தன. மறையாதது அவர் கொண்ட நோக்கம். காய்ச்சலோடு குழந்தை பால் மறுத்துத் துவண்டு, உச்சிக்குழி புடைத்திருக்கும்போது, ‘விடியட்டும், பார்ப்போம்’ என்று இருந்துவிடாமல் இரவோடு இரவாக வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லும் அறிவு ஒவ்வொரு வீட்டுக்கும் எட்டுமாயின், மானிப்பாயில் அன்று தொடங்கிய வேலை வீண்போகவில்லை எனக் கொள்ளலாம்.